தானே அணையும் ஹெட்லைட் பல்பு

கொல்லிமலையில் காலையில் எப்போது கரண்டு போகும் என்று சொல்ல முடியாது. அதனால் விமானம் விட நினைத்தால் முந்தின மாலையே பேட்டரிகளை முழுதாக ஏற்றி வைத்துவிடுவேன். விடிந்தால் மூடுபனி. வேலியோரச் சில்வர் ஓக் மரங்கூடத் தெரியாது. என்னுடையது தெர்மாகோல் இறக்கை வைத்த சின்ன ரிமோட் விமானம். கண்ணில் படாமல் ஓட்ட முடியாது. பேட்டரி முழுச் சார்ஜோடு அலமாரியில் கிடக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. சார்ஜைப் பாதிக்கு இறக்கி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நிறைத்தே வைத்திருந்தால் உப்பும். இந்த மழைக்காலத்தில் மூன்றில் ஒன்று உப்பிவிட்டது. சின்னத் தலையணை போல இருந்த அதை மனைவி பார்த்துவிட்டார்.

“இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா அத்தனையும் ஊட்டுக்கு வெளியதானுங்க.”

சொன்னால் செய்பவர். வெளியே என்றால் மிளகு கொட்டி வைக்கும் கொட்டகை. அங்கே ஈரமும் எலியும் உண்டு. தெர்மாகோல் ஒரு மாதம் தாங்காது. மீதி இரண்டு பேட்டரியும் அன்றைக்கு முழுச் சார்ஜில் இருந்தன. பனி விலகவில்லை.

சார்ஜரிலேயே இறக்கும் வசதி உண்டு. ஆனால் ஒரு பேட்டரிக்கே பொழுது போய்விடும், நடுவில் கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும். நானே ஒன்று செய்வதென்று முடிவெடுத்து, ஜீப் ஓட்டும் மச்சினனிடம் பழைய ஹெட்லைட் பல்பு கேட்டேன்.

“பகல்ல லைட்டப் போட்டுப் பேட்டரிய வீணாக்கவா மாமா?”

“அதுக்கேதான் மாப்பிள்ளை.”

பல்பு மின்சாரத்தைத் தின்னும். வோல்ட்டைக் கவனிக்கும் சிறு மின்னணுப் பலகை, பாதிச் சார்ஜான பதினொன்றே கால் வோல்ட்டுக்கு இறங்கியதும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சைத் துண்டித்துப் பல்பை அணைக்க வேண்டும். தீப்பிடித்தாலும் பரவாமலிருக்க, வாசலில் மண்சட்டிக்குள் பேட்டரியை வைத்து இணைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. உரிய நேரத்தில் அணைந்தது. உடனே எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

“எந்தப் பக்கம் திரும்பறீங்க மாமா? இண்டிகேட்டர் போட்டிருக்கீங்க!” என்றான் மச்சினன்.

ஒயரைப் பிடுங்கினேன். காரணம் புரிந்துவிட்டது. பல்பு அணைந்ததும் பாரம் குறைந்து வோல்ட் கொஞ்சம் ஏறுகிறது. பலகை மறுபடி பல்பைப் போடுகிறது. இப்படியே துடித்தால் ரிலேயின் முனை தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பல்பு அணையாது, பேட்டரி அடியோடு காலியாகிச் செத்துவிடும். உப்பினாலும் செத்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அன்று மதியம் கரண்டு போய் வந்தது. மனைவி அலுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். கிணற்று மோட்டாரைப் போட மறுபடி இறங்க வேண்டும். கரண்டு வந்தாலும் ஸ்டார்ட்டர் தானாகப் பிடிக்காது. யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். அவர் பாதி வழி போவதற்குள் நான் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது ஸ்டார்ட்டரின் அந்தப் பிடிவாதம்தான். வோல்ட் பார்க்கும் பலகைக்கே ரிலே வழியாக மின்சாரம் கொடுத்தேன். ஆரம்பிக்க ஒரு பட்டன். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் பொருத்தினேன். ரிலே விட்டதும் பலகையும் சேர்ந்து அணையும். அதன்பின் வோல்ட் எவ்வளவு ஏறினாலும் பார்க்க ஆளில்லை.

அடுத்த பேட்டரியைச் சட்டியில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் பல்பு அணைந்தது. மச்சினன் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டே காத்திருந்தான்.

“ஏனுங்க மாமா, திரும்பலையா?”

“நேரா ஊட்டுக்குத்தான் மாப்பிள்ளை.”

பல்பு எரியவில்லை. மீட்டரை வைத்தேன். பேட்டரியின் மூன்று செல்லிலும் மூன்று புள்ளி எட்டு வோல்ட், சரியாகப் பாதி. முதல் பேட்டரியையும் சரிபார்த்து அதே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி இரண்டையும் கையில் எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தட்டையாக இருந்தன. உள்ளே கொண்டுபோய் அலமாரியில் அவரே வைத்தார்.

அந்தப் பெட்டிக்கு நான் இன்னும் மூடி போடவில்லை. வருகிறவர்கள் உள்ளே பார்க்கட்டும்.