அக்கா வண்டிக்கு மட்டும் பத்து நிமிஷம்

பட்டறைத் தெருவில் அந்த மெக்கானிக்குக்கு 'அஞ்சு கிளிக்' என்றுதான் பெயர். காரின் ஹேண்ட்பிரேக் லீவரை இழுக்கும்போது எழும் சத்தத்தை எண்ணியே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார். மூன்றில் நின்றால் இறுக்கம், எட்டுக்குப் போனால் தளர்ச்சி, ஐந்தில் நின்றால் நிம்மதி. "யோவ், வீட்டுல பொண்டாட்டி குறட்டையையும் எண்ணுவியா?" என்பார் பக்கத்துப் பட்டறை வெல்டர்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வண்டியில் சோம்பினார். அது அவருடைய அக்காவின் வண்டி.

"பிரேக் தொளதொளன்னு இருக்குடா. எப்பக் கேட்டாலும் நாளைக்குங்கிறே. ஊரார் வண்டிக்கு வைத்தியம், அக்கா வண்டிக்குப் பத்தியமா?"

நான்காவது முறை கேட்டபிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனார். முறை அவருக்குத் தெரியாததல்ல. பின்சக்கரங்களைத் தூக்கி, டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கும் பட்டைகளை முதலில் சரிசெய்ய வேண்டும். கேபிள் அதன் உறைக்குள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். லீவரடியில் இருக்கும் நட்டு கடைசி வேலை. அவர் கடைசி வேலையில் தொடங்கி அதிலேயே முடித்தார். சீட்டில் உட்கார்ந்தபடியே நட்டை முறுக்கினார். ஒன்பதில் நின்றுகொண்டிருந்த லீவர் ஐந்துக்கு வந்தது. நம்ம வீட்டு வண்டிதானே, சக்கரத்தை அடுத்த வாரம் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

"பத்தே நிமிஷம்! கைன்னா இது கை, மச்சான்" என்று அத்தான் அவர் முதுகில் தட்டினார்.

எட்டு நாள் கழித்து, வீட்டுக்கு முன்னால் இருக்கும் சரிவில் அக்கா வண்டியை நிறுத்தி, பைகளை எடுக்க இறங்கினார். கீழே அத்தான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

அக்கம்பக்கத்தார் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, கேட்டோடு நசுங்கிய அத்தானை மீட்டார்கள். பிறகு அதை முற்றத்துக்குள் தள்ளி, டயருக்குச் செங்கல் வைத்தார்கள். அத்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

"அவசரத்துல பிரேக்க அரைகுறையா இழுத்திருப்பேன்" என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா சொன்னார். "என் கையாலயே கொன்னுட்டேன்."

"உன் தப்பில்ல அக்கா" என்று தம்பியும் மற்றவர்களைப் போலவே சொல்லி வைத்தார்.

மூன்று வாரம் போனது. அக்கா தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துகொள்வார். கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஒருநாள் காலை, "அந்த வண்டியை என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டுபோயிடுடா" என்றார்.

விபத்து நாளிலிருந்து யாரும் திறக்காத வண்டிக் கதவைத் தம்பி திறந்தார். லீவர் நிமிர்ந்து நின்றது. இன்னும் மேலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. லீவரை அப்படியே விட்டுவிட்டு, ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கினார். ஒரு விரலால் தள்ளினார். சக்கரம் சுற்றியது. அடுத்த சக்கரமும் சுற்றியது. கேபிள் துருவேறி உறைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. நட்டை முறுக்கிய அன்று கையில் உணர்ந்த இறுக்கம் பிரேக்குடையது அல்ல, துருவினுடையது.

இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் அக்கா அவருக்கு மிஞ்சுவார். ஆனால் எப்படிப்பட்ட அக்கா?

கிரீஸ் கையோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அக்கா, நீ முழுசாத்தான் இழுத்திருக்கே."

"ஆறுதல் சொல்லாதடா."

"ஆறுதல் இல்ல. லீவர் உச்சியில நிக்குது. நான்தான் அன்னிக்குச் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கல. மேலோட்டமா நட்டை முறுக்கிட்டுப் போயிட்டேன். பிடிச்ச மாதிரி தெரிஞ்சுது. பிடிக்கல."

அக்கா அடுப்பை அணைத்தார்.

"தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"உடனே தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"எல்லாம் சரிபண்ண ஒரு மணி நேரம்."

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று வாரமாக வராத அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. தம்பி ஓரடி எடுத்து வைத்தார்.

"வராதே."

நின்றார்.

"போயிடுடா. இனிமே நான் கூப்பிட்டாலும் வராதே. கூப்பிடுவேன்... உன்ன விட்டா எனக்கு யாரு? ஆனா வராதே."

அவர் வெளியே வந்து வெல்டருக்குப் போன் செய்து, வண்டியைக் கட்டி இழுத்துப்போகக் கயிறு கொண்டுவரச் சொன்னார். முற்றத்தில் காத்திருக்க மனம் வராமல், கேட்டுக்கு வெளியே வெயிலில் போய் நின்றார்.