அவள் நடந்து பார்த்த தெரு

மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தபோதுதான் என் மனைவிக்குப் பார்வை குறையத் தொடங்கியது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முதலில் கரும்பலகையில் தான் எழுதியதே தெரியவில்லை என்றாள். பிறகு பிள்ளைகளின் முகம் மங்கியது. அப்புறம் வாசலில் நிற்பது ஆளா தூணா என்று கேட்கும் நிலை வந்தது. நரம்பு வாடிவிட்டது, போன பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்துச் சொன்னார். வெளியே வந்ததும், "அவரு என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்து உலை வைத்தாள்.

பள்ளி வேலையை விட வேண்டியதாயிற்று. அந்த மாடிப் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. இனி தரையோடு ஒரு வீடு பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். எழுபதுகளின் பிற்பகுதி அது. கப்பலூரில் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் நான் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு பார்க்கும் பொறுப்பை என் மனைவியின் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் அரசாங்கத்தில் ஓவர்சியர். ரோடு, பாலம், வாய்க்கால் என்று வாழ்நாளெல்லாம் மண்ணையும் சிமெண்டையும் அளந்தவர். தங்கை மீது உயிரையே வைத்திருந்தார். ஊருக்கு வடக்கே புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். எங்களையும் அங்கேயே இழுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூட்டிப்போனார். நூல் பிடித்த மாதிரி அகலமான ரோடுகள். வெள்ளையடித்த புது வீடுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாலைந்து காலி மனைகள். தண்ணீர் கற்கண்டு மாதிரி இருந்தது. எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று, அதை மறைக்க மாட்டேன். என் மனைவி ரோட்டின் நடுவே நின்றாள். காற்று அவள் சேலையை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "அண்ணே, இங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

எல்லாம் ஆபீசர் வீடுகள்தான், பகலில் வேலைக்குப் போயிருப்பார்கள், பெரிய இடத்து ஆட்கள் என்று அவர் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமையும் சத்தமே இல்லையே என்று அவள் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அங்க என்னை விட்டுட்டு நீங்க வேலைக்குப் போனா, நான் வாசல்ல நிக்கிறேனா நடு ரோட்டுல நிக்கிறேனான்னே எனக்குத் தெரியாதுங்க."

அடுத்து பார்த்ததுதான் எங்கள் தெரு. அரசரடி தாண்டி கோச்சடைக்குப் போகும் வழியில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மில் உத்தியோகஸ்தர்களும் ரயில்வே குமாஸ்தாக்களும் ஊருக்கு வெளியே வந்துவிட்டோம் என்ற பெருமையோடு கட்டிய ஓட்டு வீடுகள். இப்போது ஊர் அதையும் தாண்டிப் போய்விட்டது. வீடுகளுக்கு வயதாகிவிட்டது, கட்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் மெட்ராஸ், பம்பாய் என்று போய்விட்டார்கள். பாதி வீடுகளில் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

நாங்கள் பார்க்கப் போன வாடகை வீட்டின் சுவரை மைத்துனர் விரலால் சுரண்டிக் காட்டினார். உப்புப் பூத்து, காரை பொலபொலவென்று உதிர்ந்தது. தெரு பள்ளத்தில் கிடக்கிறது, மெயின் ரோட்டை ஒவ்வொரு தடவை உயர்த்தும்போதும் இது இன்னும் கீழே போகிறது என்றார். சாக்கடைத் தண்ணீர் ஓடும் வாறுகாலின் மூடுகற்கள் பாதி உடைந்திருந்தன. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"மாப்ள, இது கெழடாகிப்போன தெரு. மேற்க கம்மா நெறஞ்சு தண்ணி வந்துச்சுன்னா மொதல்ல இங்கதான் வரும்" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி என் கையை விட்டுவிட்டாள். பக்கத்துச் சுவரில் இடது கையை வைத்தாள். மெல்ல நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் போகப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மாவு மில்லின் பெல்ட் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் தையல் மிஷின் ஓடிற்று. யாரோ மிளகாய் வறுத்தார்கள். அவள் அங்கங்கே நின்று முகத்தைத் திருப்பினாள்.

எதிர் வரிசையில் ஒரு வீட்டின் முன்னால் எருமை கட்டியிருந்தது. கோச்சடைப் பக்கம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பம் அது. அந்த வீட்டம்மா சாணிக் கையோடு நிமிர்ந்து, "யாரு வீட்டுக்கு வாரீக?" என்று கேட்டாள். வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்றாள் என் மனைவி. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஓடிவந்து கையைப் பிடிக்கவும் இல்லை.

"முன்னால ஆட்டுரல் கெடக்கு. சோத்துக்கைப் பக்கம் ஒதுங்கி வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

என் மனைவி வலப்பக்கம் ஒதுங்கி, ஆட்டுரலைத் தாண்டி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். வந்து, இந்த வீட்டையே பேசி முடியுங்கள் என்றாள். மைத்துனர் அன்றைக்குக் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

குடிவந்த கொஞ்ச நாட்களில் அந்தத் தெரு அவளுக்குப் பாடமாகிவிட்டது. எந்த வீட்டுச் சுவர் எங்கே முடிகிறது, எந்த வாசலில் படி நீட்டிக்கொண்டிருக்கிறது, வாறுகாலில் எந்த இடத்தில் மூடுகல் இல்லை என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரிந்தது. கையில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருப்பாள். மாவு மில்லுக்கும் பலசரக்குக் கடைக்கும் தனியாகவே போய் வந்தாள். யாராவது புதிதாகச் செங்கல் இறக்கினால், அதை வந்து சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் தெருவுக்கே வந்துவிட்டது.

எருமை கட்டியிருந்த எதிர்வீட்டம்மா தன் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, பாடம் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். கண் தெரியாமல் எப்படி என்று என் மனைவியே தயங்கினாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகள் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும். அவள் கேட்டுத் திருத்துவாள். ளகரத்தை லகரமாகச் சொல்லிவிட்டு எந்தப் பிள்ளையும் அவளிடமிருந்து தப்ப முடியாது. சாயங்காலம் நான் வேலை முடிந்து மொபெட்டில் திரும்பும்போது தெருமுனையிலேயே அந்தப் படிப்புச் சத்தம் கேட்கும். தெருவில் எல்லாரும் அவளை மறுபடியும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில், மைத்துனர் சொன்னது நடந்தது.

நாள் கணக்காகப் பெய்த மழையில் மேற்கே கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. நான் கப்பலூரில் வேலையில் இருந்தேன். மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் வந்து, காளவாசல் பக்கமெல்லாம் தண்ணீர் என்றார். மிஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். பழங்காநத்தம் தாண்டியதும் மொபெட் நின்றுபோயிற்று, தள்ளிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் என் மனசில் ஓடியது ஒன்றுதான். கண் தெரியாதவளையும் குழந்தையையும் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தேனே என்பதுதான்.

தெருவில் முழங்காலுக்கு மேல் செந்தண்ணீர். வீடு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். மாவு மில் பக்கமிருந்து எதிர்வீட்டம்மா குரல் கொடுத்தாள். மாவு மில் உயரமான மேடை மேல் கட்டியது. போய்ப் பார்த்தால் பாதித் தெரு அங்கே உட்கார்ந்திருக்கிறது. என் மகள் மாவு மூட்டை மேல் தூங்குகிறாள். என் மனைவி இடுப்புவரை நனைந்த சேலையோடு, பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்ததை எதிர்வீட்டம்மாதான் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாவும் அவர் மனைவியும் மட்டும். அவருக்கு வாதம் வந்து கால் விளங்காது. தண்ணீர் ஏறியதும் அவரைத் தூக்கிவர ஓடிய வாலிபன் ஒருவன், தண்ணீருக்கு அடியில் தெரியாத வாறுகாலுக்குள் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டான். அதற்கப்புறம் யாருக்கும் காலை எடுத்துவைக்கத் துணிச்சல் வரவில்லை. அப்போது என் மனைவி மகளை எதிர்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். சுவரில் ஒரு கை, குச்சியில் ஒரு கை. எதிர்வீட்டம்மாவின் இரண்டு மகன்களும் கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். இங்கே படி, இங்கே கல் இல்லை எட்டி வையுங்கள், இங்கே குழாயடி என்று சொல்லிக்கொண்டே மாவு மில் வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். பிறகு திரும்பிப் போய்க் கிழவியை. பிறகு பின்கட்டுகளில் இருந்த பிள்ளைகளை.

"எங்க கண்ணுக்குத் தண்ணிதான் தெரிஞ்சுச்சு தம்பி. டீச்சருக்குத் தரை தெரிஞ்சுச்சு" என்றாள் அந்த அம்மா.

நான் என் மனைவியிடம் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்து சேறு கிடக்கும்போது மைத்துனர் வந்துசேர்ந்தார். வேட்டியெல்லாம் சேறு. தங்கையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள. சாமானைக் கட்டுங்க. வண்டி கொண்டாந்திருக்கேன்."

முறத்தால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்தினாள்.

"நீ சொன்னது சரிதாண்ணே. தண்ணி வரும்னு சொன்ன, வந்துருச்சு. ஆனா வந்தப்ப இம்புட்டுப் பேரு இருந்தோம். நான் இங்கயேதான் இருக்கப்போறேன். தண்ணி ஏன் வடியாம நிக்கிதுன்னு பாத்துச் சொல்லு. அது உனக்குத்தான் தெரியும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாறுகால் ஓரமாகவே தெருக்கோடி வரை நடந்தார். மெயின் ரோட்டுக்கு அடியில் வாறுகால் தண்ணீர் வெளியேறும் சின்னப் பாலம், பழைய கட்டட இடிபாடு விழுந்து அடைத்துக் கிடந்தது. குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். வண்டியைக் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நிரப்பிய ஒரு நீண்ட ரப்பர் குழாயோடு வந்து தெரு முழுக்க மட்டம் பார்த்தார். எங்கே எவ்வளவு தோண்ட வேண்டும் என்று சுவர்களில் கரியால் கோடு போட்டார். ஆபீஸில் சொல்லி நடக்கிறபோது நடக்கட்டும், அதுவரை காத்திருக்க முடியாது என்றார். தெரு மொத்தமும் மண்வெட்டியோடு இறங்கியது. வாத்தியார், தையற்காரர், வங்கியில் வேலை பார்த்தவர், எதிர்வீட்டு மகன்கள், நான், எல்லாரும்தான். மைத்துனர் பாலத்துக்கடியில் இடுப்பளவுச் சகதியில் நின்று கல்லை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் சட்டியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். என் மனைவியும் வரிசையில் நின்று சட்டி கைமாற்றினாள். மத்தியானம் எதிர்வீட்டில் எல்லாருக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும். மைத்துனர் ஆட்டுரல் மேல் உட்கார்ந்து இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தது. வந்தது சாயங்காலத்துக்குள் போய்விடும். கிணறு இன்னும் உப்புதான், சுவர் இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. வருஷா வருஷம் பூசுவோம். குடியிருந்த அந்த வீட்டையே நாங்கள் கடைசியில் கிரயம் செய்துகொண்டோம். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், போயும் போயும் அந்தப் பழைய தெருவிலா என்று கேட்பார்கள். நான் விளக்கம் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் டீ குடிக்க வாருங்கள் என்பேன்.

மைத்துனர் தான் சொன்னது தவறு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொள்ள அதில் தவறும் இல்லை. அவர் பார்த்தது தரை, சுவர், தண்ணீர். ஆனால் சில வருஷம் கழித்து அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணமானது. மருமகனுக்குக் கப்பலூரிலேயே வேலை கிடைத்தது. ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, எழுந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் கேட்டார்:

"ஒங்க தெருவுல ஏதும் வீடு காலியாகுதா மாப்ள?"

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி அதைக் கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை. தெருக்கோடி வீடு தை மாதம் காலியாகிறது என்றாள்.

"ஆனா மொதல்ல பொண்ணைக் கூட்டிட்டு வாண்ணே. இருக்கப்போறது அவதான். அவளுக்குப் புடிக்கட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். உப்புத் தண்ணீர், உதிரும் சுவர், ஐப்பசி மழை என்று எல்லாக் குறையையும் என் மனைவியே அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெண் சாயங்காலம் வரை எதிர்வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள்.