பால்வாடி கம்ப்யூட்டரில் இருந்த பட்டியல்

கை பம்ப்பை நாலு அடி அடித்ததும் வரும் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியின் வாடை அடிக்கும். குடத்தில் கொஞ்ச நேரம் விட்டால் மேலே மஞ்சளாக ஏடு கட்டும்...

நசரத்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசி. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நான் பூந்தமல்லியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு பத்திரிகையோடு, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் சிடி வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. இதை வைத்தே ஊரையெல்லாம் மாற்றிவிடலாம் என்று நம்பினேன். இருபத்துமூன்று வயது...

ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட மெஷினைச் சரிசெய்து, லினக்ஸ் ஏற்றி, அந்த ஊர் பால்வாடியில் கொண்டுபோய் வைத்தேன். குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் யோசனை. பால்வாடி டீச்சர் கஸ்தூரி அக்கா வேறொன்று கேட்டார்.

"தம்பி, எந்த பம்ப்புல தண்ணி எப்டி கீது, எந்தப் புள்ளைக்கு எப்ப சொறி வந்துச்சு, வயித்தால போச்சு... இத்தயெல்லாம் இதுல போட்டு வெக்க முடியுமா?"

முடிந்தது. தமிழ் எழுத்து வராததால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம். அக்கா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிப்பார். தினமும் சாயங்காலம், ஒரு வருஷத்துக்கு மேல்.

பிரின்ட் எடுத்து இரண்டு பேரும் தெருவாரியாகப் பார்த்தோம். பக்கத்துக் கம்பெனியின் கழிவுநீர் வாய்க்காலுக்குக் கிட்டே இருந்த தெருக்களில்தான் அத்தனை பெயர்களும்.

அந்தத் தாள்களை ஓர் அரசு அலுவலகத்தில் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் கம்பெனி கேட்டில், அங்கே வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன்களை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்.

ஊரே பால்வாடிக்கு வந்தது. முன்னால் முனுசாமி அண்ணன். அவர் மகளின் கால் புண்ணும் பட்டியலில் இருந்தது.

"அழிச்சிடு தம்பி."

"அண்ணே, உங்க பொண்ணுக்காகவும்தான்..."

"தெரியும். எம் பையனுக்கு வேல போச்சுன்னா அவளுக்கு மருந்து எவன் வாங்குவான்? கெட்ட தண்ணி ஊருன்னு பேராச்சுன்னா அவள எவன் கட்டுவான்? ஒனக்கு இன்னா, குவார்ட்டர்ஸுக்குப் பூடுவே."

கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா... தெரியவில்லை. உட்கார்ந்து அழிக்கும் கட்டளையை அடித்தேன். லினக்ஸ் 'நிச்சயமாகவா' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நகல் வைத்திருந்த ஃப்ளாப்பியையும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அக்கா கேட்டார்: "திரும்ப எடுக்கவே முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா."

"கொழந்தைங்க பேரு எல்லாம் எனக்கு ஞாபகம் கீது. தேதிதான் இல்ல."

அதன் பிறகு நான் அந்த ஊருக்குப் போகவில்லை. சில வருஷத்தில் கம்பெனி மூடிவிட்டு வேறு மாநிலம் போனதாகவும், பையன்களுக்கு வேலை எப்படியும் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். கஸ்தூரி அக்கா காட்டுப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருந்து, அங்கேயே காலமானார். சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

இன்று அந்த லினக்ஸ் எல்லோர் பாக்கெட்டிலும் ஃபோனாக இருக்கிறது. எனக்கும் அதில்தான் சம்பளம், வீடு, கார். அந்த ஊர் நிலத்தில் அபார்ட்மென்ட்கள்... கேன் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

போன மாதம் அங்கே குடியிருக்கும் ஒரு பெண், பால்வாடியில் கம்ப்யூட்டர் வைத்தது நான் என்று யாரோ சொல்லி, என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். போர்வெல் தண்ணீர் கெட்டுக்கிடப்பது பற்றி வழக்குப் போடப்போகிறார்களாம்.

"சார், பழைய ரெக்கார்டு ஏதாவது இருந்தா கேஸ் நிக்கும்னு வக்கீல் சொல்றாரு. அப்போ யாராவது கணக்கெடுத்தாங்களா?"

எனக்குத் தெரிந்து யாரும் எடுக்கவில்லை என்றேன்.