ஞானசுந்தரியின் ரோஸ் தக்காளி

"முப்பத்தொண்ணு... முப்பத்தி ரெண்டு..." என்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனவர் வேலி ஓரம் வந்ததும் நின்றுவிட்டார். ஒன்று குறைகிறது. பல் துலக்கும் பிரஷ் வாயோரத்தில் தொங்க, மறுபடி முதல் செடிக்கு வந்தார். இரண்டாவது முறை முப்பத்து மூன்று சரியாக வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. மூன்றாவது முறையும் எண்ணி முடித்த பிறகுதான் ஞானசுந்தரி வாய் கொப்பளிக்கப் போனார்.

அவர் எண்ணுவது வலைப் பைகளை. கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுப்பார்களே, சுருக்குக் கயிறு வைத்த அந்தச் சின்னப் பைகள். ஊதா, பச்சை, தங்க நிறம். சிலவற்றில் மணமக்கள் பெயர்கூட அழியாமல் இருக்கிறது. மானாம்பதி காலனியில் அவர் வீட்டுக்குப் பின்னால், பெயிண்ட் வாளிகளிலும் சிமெண்ட் சாக்குகளிலும் நிற்கும் தக்காளிச் செடிகளில், பூங்கொத்துக்கு ஒரு பை கட்டியிருக்கிறது. பூ காய் விட்டதும் பையை அவிழ்த்துவிட்டு, அந்தக் காம்பில் சிவப்பு நூல் சுற்றுவார். நூல் சுற்றிய பழம் விதைக்கு. மற்றது குழம்புக்கு.

"தக்காளிப் பூ தனக்குத்தானே காய்ச்சிக்கும்மா. ஆனா இந்த வண்டு கீதே, அது சும்மா இருக்குமா? அந்தாண்ட செவப்புத் தக்காளியில பொரண்டுட்டு இந்தாண்ட வந்து குந்திக்கினா அவ்ளோதான். கலந்துடும்."

விதை வாங்கப் போயிருந்த நான், பழத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டேன்.

"பயத்தைப் பாத்தா இன்னா தெரியும்? பயம் ரோஸாத்தான் இருக்கும். உள்ள கீற வெதையிலதான் கலப்பு. அது மொளச்சி, செடியாயி, காய்ச்சி, பயுத்து... மூணு மாசம் கயிச்சித்தான் மூஞ்சியக் காட்டும். அதுவும் எங்கியோ, யார் வூட்டு மாடியிலியோ. இன்னா ஆவுமோ, ஏது ஆவுமோன்னு நான் இங்க குந்திக்கினு கெடக்கணும்."

இந்தப் பக்கத்துப் பேச்சில் பழம் பயமாகிவிடும். 'மொத பயம் வந்ததும் எனக்குச் சொல்லுங்க' என்று அவர் வாட்ஸாப்பில் குரல் செய்தி போட்டபோது, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், 'பயப்படாதீர்கள் அம்மா, நன்றாகவே வளர்கிறது' என்று பதில் போட்டார். ஞானசுந்தரி அதைத் திருத்தவில்லை. அவர் சொன்னதும் ஒருவிதத்தில் சரிதானே என்று சிரிக்கிறார். சிரிப்பு முடிவதற்குள் கண் மறுபடி வேலிப் பக்கம் போய்விடுகிறது.

நாற்பத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு. பக்கத்தில் உள்ள நாற்றுப் பண்ணையில் பதினாறு வருஷமாக வேலை. தொண்ணூற்றெட்டுக் குழி உள்ள தட்டில் தேங்காய் நார்த் தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாகப் போட்டு விரலால் அழுத்த வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய ஆட்காட்டி விரல் முழங்காலின் மேல் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். பண்ணையில் போடுவதெல்லாம் கம்பெனி விதை. வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும். ரோஸ் தக்காளி வந்த வழி வேறு.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பண்ணையில் வேலை இல்லாத ஒரு மாதம், ஊர்த் தெரு சுலோச்சனா அம்மாவின் நிலத்துக்குக் கடலை களையெடுக்கப் போயிருந்தார். மத்தியானம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அந்தம்மா ஒரு கூடைத் தக்காளியைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். பரங்கிக்காய் போலத் தட்டையாக, விலா விலாவாக, இளஞ்சிவப்புக்கும் நாவல் நிறத்துக்கும் நடுவே ஒரு நிறம். மற்ற பெண்கள் கடித்துத் தின்றார்கள். ஞானசுந்தரி தின்றதுபோக ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். பிறகு சுலோச்சனா வீட்டில் குளியலறை கட்டத் தோட்டத்தைத் தோண்டிவிட்டார்கள். அந்தத் தக்காளி ஞானசுந்தரியிடம் மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து அந்தம்மாவுக்கு ஆசை வரும்போதெல்லாம் காலனி முனையில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். ஞானசுந்தரி பையோடு ஓடுவார்.

விதை வெளியே போனது இளவரசியால். செங்கல்பட்டில் வங்கி வேலை பார்க்கும் இந்தப் பெண் மாடித் தோட்டத்துக்குக் கத்தரி நாற்று வாங்கப் பண்ணைக்கு வந்தபோது, ஞானசுந்தரியின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த தக்காளியைப் பார்த்துவிட்டார். அவர்தான் மாடித் தோட்டக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஞானசுந்தரியைச் சேர்த்தது. போன ஆடியில், முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையை அனுப்பியவர்களுக்கெல்லாம் ஞானசுந்தரி உறைக்குப் பதினைந்து விதை அனுப்பினார். நாற்பத்து மூன்று உறைகள். அதில் ஒன்று எனக்கு. 'வந்துச்சா? நனையாம வந்துச்சா?' என்று என்னிடம் மட்டும் நான்கு முறை கேட்டார்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் இளவரசி ஒரு படம் போட்டார். மூன்று செடிகளில் இரண்டில் ரோஸ் பழம். மூன்றாவதில் பழம் உருண்டையாக, கடைத் தக்காளி போல நல்ல சிவப்பு. 'அக்கா, இது மட்டும் ஏன் இப்படி?' என்று கீழே ஒரு கேள்வி.

ஞானசுந்தரி அப்போது பண்ணையில் இருந்தார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏன் என்று அவருக்குத் தெரியும். போன மாசியில் ஐயங்கார்குளத்தில் நாத்தனார் இறந்துபோனார். மூன்று நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், காற்றில் ஒரு பை கழன்று தரையில் கிடந்தது. அந்தக் காம்பில் மிளகு அளவில் இரண்டு காய்கள். பை விழுந்த பிறகு காய் பிடித்ததா, பிடித்த பிறகு பை விழுந்ததா? நான்கடி தள்ளி வேலியோரம், அவர் கணவர் பாண்டியன் குழம்புக்கு ஆகுமே என்று பண்ணையிலிருந்து கொண்டுவந்து நட்ட கம்பெனித் தக்காளி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாதுன்னு விட்டிருக்கணும். வுடல. துக்க வூட்டுக்குப் போய் வந்த அசதியில, ரெண்டு பயந்தானேன்னு நூலைக் கட்டிட்டேன். எல்லா வெதையோடயும் ஒண்ணாப் போட்டு அலசிட்டேன். என் கைதான் பண்ணுச்சு."

பாண்டியன் கட்டட வேலைக்குப் போகிறவர். கவலை என்பது அவருக்கு வராத வியாதி. "தக்காளி கேட்டாங்க, தக்காளி குட்த்த. செவப்பா இருந்தா ரசம் வெக்க மாட்டாங்களா? யாருக்குத் தெரியப் போவுது, வாயை மூடிக்கினு இரு" என்றார்.

"அவங்களும் வெதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுப்பாங்கய்யா. அவங்க இன்னொருத்தருக்கு. அது எங்கப் போய் நிக்கும்?"

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவில் யார் படம் போட்டாலும் பெரிதாக்கி நிறத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, குரல் செய்தி பதியத் தொடங்கினார். பதிவதும் அழிப்பதுமாகப் பதினோரு தடவை. நாங்கள் கேட்டது பன்னிரண்டாவது.

"அல்லாருக்கும் வணக்கம். மானாம்பதி ஞானசுந்தரி பேசறேன். நான் குட்த்த வெதையில கலப்பு ஆயிட்ச்சி. எங்க ஆச்சின்னு எனக்குத் தெரியும், என் தப்புதான். செவப்பா பயுத்தா அந்தச் செடியிலருந்து வெதை எடுக்காதீங்க. ரோஸா பயுத்ததுலயும் இந்தத் தடவ எடுக்காதீங்க, பக்கத்துல செவப்பு பூத்திருந்தா இன்னா கலந்துச்சோ தெரியாது. சாப்புடறதுக்கு ஒண்ணும் பயமில்ல. மன்னிச்சிக்குங்க."

பின்னணியில் மழைச் சத்தம் கேட்டது.

பெரும்பாலோர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஆறு பேர், தங்களுக்கும் ஒரு செடி சிவப்பு என்று அப்போதுதான் சொன்னார்கள். இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். ஒருவர், 'தெரியாத வேலையை ஏன் செய்கிறீர்கள்?' என்று எழுதினார். அந்த வாக்கியத்தை ஞானசுந்தரி இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வார். கைகூப்பியவர்களின் பெயர் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை.

இனிமேல்தான் உண்மையான பயம். நல்ல விதை எங்கே இருக்கிறது? பழைய விதையை எறும்பு தின்றுவிட்டது. கையில் இருப்பது, அதே கலப்பு விதையிலிருந்து ஆவணியில் தனக்கென்று போட்டுவைத்த பதினெட்டுச் செடிகள். ரோஸாகப் பழுக்கும் செடி கலப்பில்லாதது. சிவப்பாகப் பழுத்தால் கலந்தது. பதினெட்டும் அப்போது நூல் சுற்றிய பச்சைக் காய்களோடு நின்றன. மழையோ விடுவதாக இல்லை. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. வேர் அழுகி நான்கு நாளில் ஏழு செடிகள் சாய்ந்தன.

எட்டாவது செடியின் அடி இலை வாடியதைப் பார்த்த காலையில், ஞானசுந்தரி வாளிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கிவந்துவிட்டார். இருப்பதோ ஒரே அறை, மேலே சிமெண்ட் ஓடு. கட்டில்மேல் மூன்று, பீரோ பக்கத்தில் நான்கு, மீதி நான்கு சன்னலுக்குக் கீழே. "வூடா, காடா இது? நான் எங்க பட்கறது?" என்று பாண்டியன் சத்தம் போட்டார். போட்டுவிட்டு, சாயும் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கச் சென்ட்ரிங் குச்சிகளை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

விஷயம் ஊர்த் தெருவுக்கும் போயிற்று. கார்த்திகை முதல் வாரம், தூறலில், காலனி முனையில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. சுலோச்சனா அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னா ஞானம், என் மாமியார் வெச்சிருந்த தக்காளியக் கெடுத்துப்புட்டியாமே?"

ஞானசுந்தரி வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். சுலோச்சனா குனிந்து உள்ளே வந்தார். கட்டில்மேல் நிற்கும் வாளிகளைப் பார்த்ததும் அவர் கோபம் கொஞ்சம் தடுமாறியது. அன்று காலையில்தான் முதல் பழம் நிறம் மாறியிருந்தது. ரோஸா, சிவப்பா என்று அந்த மங்கிய வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியாது.

"எங்க, பறி" என்றார் சுலோச்சனா.

ஞானசுந்தரி பறித்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்துத் தோலை உரித்தார். சிவப்புத் தக்காளிக்குத் தோல் மஞ்சளாக இருக்கும். ரோஸ் தக்காளிக்குத் தோலில் நிறமே கிடையாது. பதினாறு வருஷம் லட்சக்கணக்கில் விதை போட்ட விரல்கள் அந்தத் தோலை இரண்டாகக் கிழித்துவிட்டன. துண்டைச் சன்னலுக்கு நேரே பிடித்தார். அந்தப் பக்கம் மழை அப்படியே தெரிந்தது.

"மஞ்சா இல்லியே?"

"இல்லம்மா. இல்ல."

"தோலு கிடக்கட்டும். தின்னாத்தான் எனக்குத் தெரியும். உப்பு கீதா?"

எதில் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியாமல் ஞானசுந்தரி அடுப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்தார். சுலோச்சனா ஜாடிக்குள் விரலை விட்டு உப்பைக் கிள்ளி, பழத்தில் தடவி, நின்றபடியே தின்றார். கையை நக்கிக்கொண்டு, "இதான். இதேதான்" என்றார். ஞானசுந்தரி கட்டிலில் இருந்த இரண்டு வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

பதினொன்றில் பத்து ரோஸாகவே பழுத்தன. கடைசிச் செடி மார்கழி பிறந்த பிறகு பழுத்தது. சிவப்பு. அதை வேரோடு பிடுங்கிப் போட்டார். பழங்களைப் பாண்டியன் ரசத்துக்கு எடுத்துக்கொண்டார். வேலியோரத்துக் கம்பெனித் தக்காளியை அவரே வெட்டிவிட்டார், யாரும் சொல்லாமல்.

இப்போது தை மாதம். பத்துச் செடிகளும் வெயிலுக்கு வந்துவிட்டன. வேண்டியவர்களுக்கு மறுபடி விதை தருவதாக ஞானசுந்தரி குழுவில் சொல்லியிருக்கிறார். இருபத்தொன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். 'தெரியாத வேலையை' என்று எழுதியவரும் அதில் ஒருவர். அவருக்கு மட்டும் இருபது விதை.

எனக்குப் போனமுறை முளைத்ததை அணில் தின்றுவிட்டதால் நான் நேரிலேயே வந்தேன். பதினைந்து விதைகளை மடித்த காகிதத்தில் போட்டு, மேலே 'ரோஸ் தக்காளி, மானாம்பதி' என்று எழுதி என் கையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன். தெருவில் பத்தடி போயிருப்பேன், "இரும்மா, இரு" என்று ஓடிவந்தார். பொட்டலத்தை வாங்கி, தொடையில் வைத்து, தன் போன் நம்பரைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். "செவப்பா பயுத்தா ஒடனே கூப்புடு." கொடுத்தவர், ஏதோ யோசித்துவிட்டு மறுபடி வாங்கினார். அதற்குக் கீழே பாண்டியன் நம்பரையும் எழுதினார்.