பாங்குக்கு முன் ஒரு மங்குஸ்தான்

என் தம்பி ரியாஸ் நோன்பை விட மறுத்து மயங்கி விழவில்லை. விடட்டுமா என்று என்னிடம் கேட்டான். நான்தான் விடவில்லை. அவன் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கிக் கூடையில் திரும்பப் போட்டவன் நான்!

எங்கள் ஊர் கடையநல்லூரில் யாரைக் கேட்டாலும் உங்களுக்கு வேறு கதை சொல்வார்கள். "உசுரே போனாலும் நோம்ப விடமாட்டேன்னு நின்ன பிள்ளை" என்பார்கள். அந்தக் கதையை ஊருக்குக் கொடுத்ததும் நான்தான்.

குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறவன் நான். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன்... புளிக்கிற பழத்தையும் தேன் என்று சொல்லி உங்கள் தலையில் கட்டிவிடுவேன். அந்த வாய்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அந்த வாய்தான்... இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

அத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது ரியாஸ் சின்னப் பிள்ளை. நான்தான் அவனை வளர்த்தேன். எதைக் கையில் எடுத்தாலும், "அண்ணே, தின்னட்டா?" என்று என் முகத்தைப் பார்ப்பான். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த பிறகும் அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, மறைப்பானேன்!

அங்கே இருக்கும்போதுதான் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அந்த வயதிலேயே தினமும் ஊசி. விடுமுறையில் ஊருக்கு வந்தவனுக்கு வடகரையில் பெண் பார்த்து நிச்சயம் செய்தோம். பெருநாள் கழிந்து நிக்காஹ். பெண் வீட்டாரிடம் நோயைச் சொல்லிவிடலாம் என்றான் ரியாஸ்.

"ஏலே, நீ சும்மா இரி. நிக்காஹ் முடியட்டும், பெறவு நான் பேசிக்கிடுதேன்" என்று அவன் வாயை அடைத்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்கிறார்கள். நான் ஒரே ஒரு பொய்தானே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு ரமலான், சாரல் காலத்தில் வந்தது. பிறை தெரிவதற்கு முன் அவனைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனை முடிந்ததும் ரியாஸ் வெளியே போய், நிச்சயித்த பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே நான் மட்டும்.

"இந்த வருஷம் அவர் நோன்பு இருக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "ஊசியும் போட்டுட்டுப் பட்டினியும் கிடந்தா சுகர் ஒரேயடியா இறங்கிரும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சுன்னா யோசிக்காதீங்க. உடனே இனிப்பைக் குடுத்துருங்க. விட்டா மூளையைப் பாதிக்கும்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாருண்ணே?"

"கவனமா நோம்பு வைக்கச் சொன்னாருலே."

ஏன் அப்படிச் சொன்னேன்? இளவட்டப் பையன் நோன்பு வைக்காவிட்டால் ஊர் காரணம் கேட்கும். காரணம் வடகரைக்குப் போகும். சம்பந்தம் முறியும். அந்தப் பயம்தான்! டாக்டர் வேறு மதத்துக்காரர், நோன்பின் அருமை அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் வெள்ளிக்கிழமை வரைதான் தாங்கியது. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு, குணமான பிறகு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் வழியில்லாவிட்டால் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று பள்ளிவாசலில் ஹஸ்ரத் பயான் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரியாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். வெளியே வந்ததும், "அது கெழடுகட்டைகளுக்குச் சொல்லுதாரு" என்றேன்.

அல்லாஹ் விலக்குக் கொடுத்திருந்தான். டாக்டரும் வேண்டாம் என்றார். நடுவில் நான் யார்?

எனக்கு நோன்பு நல்லதையே செய்திருக்கிறது. வயிறு லேசாகும், நெஞ்செரிச்சல் ஓடிப்போகும், பீடியும் பாதியாகக் குறையும். என் உடம்பை வைத்து அவன் உடம்பை அளந்தேன். முதல் சில நோன்புகள் அவனுக்கும் சுகமாகவே கழிந்தன. டாக்டரை மனத்துக்குள் கேலிகூடச் செய்தேன்...

அன்று அருவியில் நல்ல தண்ணீர். கடையில் நல்ல கூட்டம். ரியாஸ் ஒத்தாசைக்கு வந்திருந்தான். விடியுமுன் சஹர் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை, ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டிருந்தான். மதியத்திலிருந்தே மந்தமாக இருந்தான். சில்லறை கொடுக்கத் தடுமாறினான். நான் பார்த்தேன்... பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாலையில் பெண்ணின் தாய்மாமன் குடும்பத்தோடு சாரலுக்கு வந்தவர், நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார். ரியாஸின் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"மாப்ள ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு?"

"சாரல் மாமா. இப்பதான் வெளிய போயிட்டு வந்தான்."

சாரலாம்! பிள்ளை பகல் முழுக்கத் தார்ப்பாய்க்கு உள்ளேயே நின்றிருந்தான். அது வேர்வை. அது வேர்வை என்று எனக்குத் தெரியும்!

ரியாஸ் என் காதருகே வந்தான். கையில் ஒரு மங்குஸ்தான், ஏற்கெனவே உடைத்தது. வெள்ளைச் சுளை தெரிந்தது. "அண்ணே, கை நடுங்குது. ஒண்ணு தின்னுக்கிடட்டா?"

"கொஞ்சம் பொறுலே, மாமா நிக்காரு. இப்ப பாங்கு சொல்லிருவாக, நோம்பு தொறந்துரலாம்" என்று சிரித்த முகத்தோடே அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

அவன் எதிர்த்திருக்கலாம். என்னைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்திருக்கலாம். சுற்றிலும் பழம்தானே! எடுக்கத் தெம்பு இல்லையோ, என் சொல்லைத் தட்டித்தான் பழக்கமில்லையோ...

மாமா கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசினார். நானும் விடாமல் பேசினேன். எங்கள் பேச்சுக்கு நடுவே ரியாஸ் கூடைகளின் மேல் சரிந்து விழுந்தான்.

"நோம்பு மயக்கம்" என்றேன் அப்போதும்! அவனை ஒரு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். தென்காசி நெருங்கும்போது சாலையோரப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். என் மடியில் கிடந்தவனுக்கு அது கேட்கவில்லை.

"இவருக்கு சுகர் இருக்கா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாமா பக்கத்தில் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகே பதில் சொன்னேன். அந்தத் தயக்கத்தில் என் தம்பியின் மூளையில் எத்தனை விளக்குகள் அணைந்தன என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.

உயிர் பிழைத்தான். ஆனால் பேச்சு குழறுகிறது. பாதி முகங்கள் மறந்துவிட்டன, நிச்சயித்த பெண்ணின் முகம் உட்பட. எதற்காக மறைத்தேனோ அந்தச் சம்பந்தமும் போயிற்று.

"தெரிஞ்சும் ஏன்யா நோம்பு வைக்க விட்டீக?" என்று கடைசியாக வந்தபோது மாமா கேட்டார்.

"எவ்வளவோ சொன்னேன் மாமா. விடமாட்டேன்னு ஒரே பிடியா நின்னுட்டான்."

அந்தப் பொய்தான் ஊரெல்லாம் சுற்றியது. பள்ளிவாசல் வாசலில் என் கையைப் பற்றிக் கண் கலங்கியவர்கள் உண்டு. மறுத்துப் பேச அவனுக்கு நாக்கு இல்லை. எனக்கு இருந்தது... நான் பேசவில்லை.

இப்போது அவன் நோன்பு வைப்பதில்லை. ஒவ்வொரு ரமலானிலும் அவனுக்காக ஏழைகளுக்குச் சோறு போடுகிறேன்.

சீசனில் அவனையும் கடைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன். பழத்தைக் கையில் கொடுத்தால் உடனே தின்ன மாட்டான். உதடுவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். எந்த மாதமானாலும், எந்த நேரமானாலும் ஒரே கேள்விதான்.

நேற்றும் கேட்டான். உச்சி வெயில்.

"அண்ணே... பாங்கு... சொல்லிட்டாகளா?"

"சொல்லிட்டாகலே. தின்னு."

என்னை நம்பித் தின்ன ஆரம்பித்தான்.