பழசுதான் சுருங்கும்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலை அளந்து முத்திரை குத்துகிற வேலை ஆபேலுக்கு. தோலைப் பார்த்ததுமே இத்தனை சதுர அடி என்று சொல்லிவிடுவார். அப்புறம் மிஷினும் அதையே சொல்லும். மிஷின் தன்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறது என்று அவருக்கொரு நினைப்பு. அந்த நினைப்பைச் சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்கும் எடுத்து வருவார். இட்லி, சட்டைத் துணி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அளவு உண்டு.

மகள் கெசியாவைத்தான் தப்பாக அளந்துவிட்டார். பன்னிரண்டாவது முடித்தவள், ஷூ வடிவமைக்கிற படிப்புக்குச் சென்னை போகிறேன் என்றாள். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் கூட்டம் நின்றபோது, "மெட்ராஸ் போய் செருப்பு வரையணுமா? இங்க தெருவுல கம்மியாவா கிடக்குது?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கெசியா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவோடு சோறு தண்ணி தவிர வேறு பேச்சில்லை.

ஆனாலும் வரைந்தாள். டேனரி ஆபீஸ் வேண்டாமென்று தள்ளிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் அது கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருக்கும். டேனரிக் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகிற தெரு அது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரி அட்டையின் பல்வரிசை மட்டும் தப்புமா? ரப்பரால் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுப்பாள். வரைந்ததைப் பத்திரமாக வைக்க அம்மா வழியாக ஒரு பென் டிரைவ் கேட்டதற்கு, "அதான் டப்பாக்குள்ளயே இருக்குதே, அப்புறம் இன்னாத்துக்கு?" என்றார் ஆபேல்.

ஒருநாள் அவள் இல்லாத நேரம் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை ஷூ. தையல் எங்கே ஓடும், தோல் எங்கே மடங்கும், எங்கே மெலிதாகச் சீவ வேண்டும் என்று கோடு கோடாகப் போட்டிருந்தாள். தோலைக் கையால் இழுத்துப் பார்த்தவர்கள் போடுகிற கோடு. ஆபேல் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர்ந்தார்; ஒன்றும் தப்பவில்லை. 'போயிட்டு வாம்மா' என்று அவள் வந்ததுமே சொல்லியிருக்கலாம். சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமே.

அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்திருக்கப் புது டிஸ்க் ஒன்று வாங்கினார். திங்கட்கிழமை சென்னையில் நேர்காணல். வரைந்ததையெல்லாம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரை ஓட வைத்துவிட்டால், அப்பா சம்மதித்துவிட்டார் என்று அவளே புரிந்துகொள்வாள்.

கம்ப்யூட்டர் கடை தவ்ஃபீக் அவருடைய பள்ளிக்கூடத்து தோஸ்த். "நானே வந்து மாட்டித் தர்றேன்டா" என்றான்.

"நாலு ஸ்க்ரூ முடுக்க நீ எதுக்குடா?"

"சரி, கேட்டுக்கோ. பழசும் ஐந்நூறு ஜிபி, புதுசும் ஐந்நூறு ஜிபி. மொதல்ல பழசோட ஒயரைப் புடுங்கிடு. புதுசுல மட்டும் விண்டோஸ் போடு. அப்பாலிக்கா பழசை மாட்டு. மறந்துட்டு எங்கிட்ட ஓடி வராதே."

சனிக்கிழமை சாயங்காலம் கெசியா பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். ஆபேல் டப்பாவைத் திறந்தார். புது டிஸ்க் பொடிசாக இருந்தது. பழசுக்கு அளவெடுத்த கூட்டுக்குள் லொடலொடவென்று ஆடியது. நல்ல தோலாகப் பார்த்துப் பட்டை வெட்டி இறுக்கிக் கட்டினார். அப்புறம் பழசின் ஒயரை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தால் முனை உடைந்துவிடும் போலிருந்தது. உள்ளே பிள்ளை வரைந்ததெல்லாம் இருக்கிறதே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விண்டோஸ் எதில் போட வேண்டும் என்று திரை கேட்டது. இரண்டு வரி. ஒன்றில் 465, இன்னொன்றில் 447. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதேதோ எழுதியிருந்தது. ஆனால் அளவுக்காரன் கண் எண்ணுக்குத்தான் போகும். இரண்டுமே ஐந்நூறு என்றானே? ஆபேல் யோசித்தார். ஈரத்தில் அளந்த தோல் காய்ந்தால் குறையும். இத்தனை வருஷம் சூட்டில் கிடந்த டிஸ்க் குறையாமல் இருக்குமா? ஆக, சுருங்கினது பழசு. பெரிசு, புதுசு.

பெரிசைத் தொட்டு அழிக்கச் சொன்னார். நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் ஒருதரம் கேட்டது. வீட்டில் வேறு யாரும் அவரை அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. "அழிடான்னா" என்று அமுக்கினார்.

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் எழுந்தது. பழையபடி கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தது.

"போலி டிஸ்க்கைத் தலையில கட்டிட்டியேடா!" என்று போனில் கத்தினார். தவ்ஃபீக் வந்து பார்த்தான். மௌஸைத் தள்ளி வைத்தான்.

"புதுசு காலியா கிடக்குது ஆபேல். சின்ன நம்பர்தான் புதுசு; ரவுண்டா ஐந்நூறுன்னேன். பழசு மேலயே போட்டுட்ட."

பாட்டுப் புத்தகத்தோடு கெசியா வாசலில் நின்றிருந்தாள்.

"வேணான்னா வேணான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "இப்படியாப்பா பண்ணுவ?"

"இல்லம்மா, உனக்கோசரம்தான்... பழசு சுருங்கும்னு..."

"இன்னா சுருங்கும்?"

"தோலு காஞ்சா..."

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அம்மா சாரா ஆஸ்பத்திரி டூட்டி உடுப்பைக்கூட மாற்றவில்லை. "டிஸ்க் இன்னா ஆட்டுத்தோலா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றாள்.

உண்மைக்கு ஒரே ஒரு சாட்சி; அது ஆபேல். அவருக்கு எதிராகச் சர்ச் வாசலே சாட்சி. மகளை அனுப்ப மனசில்லாமல் அழித்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. தவ்ஃபீக் பழைய டிஸ்க்கை எடுத்துப்போய் என்னென்னவோ செய்து பார்த்தான். மேல்பாதி ஷூவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாகச் சில படங்கள் வந்தன. போனில் எடுத்து வைத்திருந்த மூன்றே மூன்று படங்களோடு கெசியா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை போனாள். இடம் கிடைக்கவில்லை.

இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிறாள். தவ்ஃபீக் வந்து புது டிஸ்க்கை ஒழுங்காக மாட்டிக் கொடுத்துவிட்டான். சுவிட்சைத் தொட்டால் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கிறது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது பென் டிரைவ். மறுபடி வரைகிறாள். வரைந்ததை அதில் ஏற்றி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள்.

ஆபேல் அதைத் தொட்டதில்லை. தொட விடமாட்டாள். தூரத்திலிருந்து கண்ணாலேயே அளந்து, மெத்தென்ற ஆட்டுத்தோலில் சின்னதாக ஓர் உறை தைத்து, கீபோர்டு மேல் வைத்தார். அளவு கச்சிதமாக இருக்கும். தோல் விஷயத்தில் அவருக்கு அளவு தப்பாது.

தினமும் கெசியா உறையை ஓரமாக நகர்த்திவிட்டு வரைகிறாள். முடித்ததும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறாள்.