மேசைக்கு அடியில் ஓர் உறுமல்

காதில் மாட்டிய ஹெட்செட்டின் மைக்கை விரலால் பொத்திக்கொண்டு அக்கா கத்துகிறாள். “தூங்குற நாயத் தொடாதன்னு எத்தன வாட்டி சொல்றது?” அவள் மகள் கையை இழுத்துக்கொள்கிறாள். அக்கா விரலை எடுக்கிறாள். “சொல்லுங்க சார், உங்க புகாரப் பதிவு பண்ணிட்டேன்.” குரலில் தேன் சொட்டுகிறது.

அக்காவுக்கு வங்கி வாடிக்கையாளர் சேவையில் வேலை. தொற்றுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்ததும், வேலையும் கூடவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த நானும் மாட்டிக்கொண்டேன்.

பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய நாய் வாலுவுக்கு இப்போது கண்ணயர வழியில்லை. மகள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அத்தானோ கணினியில் கூட்டம் முடிந்து அலுப்பாக இருந்தால், அதன் வாயிலிருக்கும் எலும்பைப் பிடுங்கி விளையாடுவார். “நம்ம வாலு ஒண்ணும் பண்ணாது” என்று பல்லைக் காட்டுவார். அதைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான்.

“அது வந்து உங்ககிட்ட சொல்லிச்சா? மூஞ்சியத் திருப்பிக்குது, உதட்ட நக்குது, எழுந்து போகுது. என்ன விடுங்கடான்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லும்?” என்பாள் அக்கா.

போன வாரம் எலும்பைப் பிடுங்கியபோது வாலு உறுமியது. அத்தான் செருப்பை எடுத்தார். அக்கா பாய்ந்து பிடுங்கினாள். “உறுமுனதாலதான் உங்க விரல் இன்னும் ஒட்டிட்டிருக்கு. அதையும் அடிச்சு அடக்கிட்டா அப்புறம் சொல்லாம கொள்ளாமக் கடிக்கும்.”

“இன்னொரு தடவ உறுமட்டும். எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வந்துடுறேன்.”

சொன்னதைச் செய்கிற ஆள்தான் அத்தான், இந்த மாதிரி விஷயங்களில் மட்டும்.

அன்றைக்கே அக்கா சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். உள்ளே ஒரு பாய், ஒரு கிண்ணம் தண்ணீர். “உள்ள இருந்தா கூப்பிடக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது. அதுவா வெளிய வந்தாத்தான் தடவணும்.” அது சாப்பிட்டு முடிக்கும்வரை மகளைப் பக்கத்தில் விடுவதில்லை. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அத்தான் முனகுகிறார். முனகட்டும்.

வாலு தேறிவிட்டது. அக்காவைத்தான் யாரும் விடுவதாக இல்லை. “அம்மா, பென்சில் எங்க?” “ஒரு டீ கிடைக்குமா?” “என் சார்ஜர எங்க வச்ச?” காதுக்குள் வேறு யாரோ ஒரு வாடிக்கையாளர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார். இவர்களுக்கெல்லாம் கை கால் இல்லையா என்று எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று மதியம் அக்காவைக் காணோம். ஹெட்செட் நாற்காலியில் கிடந்தது. அவளைக் கூப்பிட்டுக்கொண்டே அறை அறையாகப் போன அத்தான், கடைசியில் குனிந்து போர்வையின் நுனியைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து அடித்தொண்டையில் ஓர் உறுமல்.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். “பாத்தியா? இன்னைக்கே இந்த நாயக் கொண்டு போய்...” என்று என் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். வாலு என் காலடியில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே வந்து, போர்வையின் நுனியை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.